செயற்கைப் புல் விரித்தால் தண்ணீர் வடியுமா?

தாம்பரத்திலோ, சேலையூரிலோ, முடிச்சூரிலோ, மேடவாக்கத்திலோ உங்கள் வீடு இருந்தால் இது உங்களுக்குப் புதிதாக இருக்காது. ஐப்பசியில் ஒரு மழை பெய்கிறது. இரவோடு நின்றும் விடுகிறது. மறுநாள் நல்ல வெயில். மணற்பாங்கான இடங்கள் எல்லாம் மாலைக்குள் காய்ந்துவிடுகின்றன. ஆனால் சில வீடுகளின் கொல்லையில் மட்டும் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. நான்கு நாள் ஆனாலும் போவதில்லை. கால் வைத்தால் சேறு செருப்பைப் பிடித்து இழுக்கிறது. துணி உலர்த்தப் போகிறவர்கள் செங்கல்லை வரிசையாகப் போட்டு அதன்மேல் நடக்கிறார்கள். வாரம் பத்து நாள் நின்றால் அந்தத் தண்ணீரிலிருந்து கொசுவும் கிளம்பிவிடுகிறது.

இதற்கு இப்போது பலரும் சொல்லும் வைத்தியம் ஒன்று உண்டு. "செயற்கைப் புல் விரித்துவிடுங்கள். சேறு மறைந்துவிடும். விரிப்பின் அடியில் ஓட்டைகள் இருக்கின்றன, தண்ணீர் தானாக இறங்கிவிடும்" என்கிறார்கள். பார்க்கவும் பச்சைப் பசேல் என்று அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் செலவு சிறிதல்ல. அந்தப் பணத்தைக் கொடுக்கும் முன் நாம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீர் அதன்பிறகு எங்கே போகும்? இந்த ஒரு கேள்விக்கு விடை தேடினால் மண்ணின் அறிவியல் முழுவதும் நமக்கு விளங்கிவிடும்.

களிமண் ஏன் நீரை விடுவதில்லை?

முதலில் களிமண் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளை நீங்கள் ரயிலிலிருந்தே பார்த்திருப்பீர்கள். அவை சார்னோகைட் என்னும் மிகப் பழைய கடினமான பாறையால் ஆனவை. கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்தப் பாறையால் செய்யப்பட்டது. அதனால் தாமஸ் ஹாலந்து என்னும் புவியியல் அறிஞர் 1893-இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். நம் ஊர்ப் பாறை வங்காளத்துக் கல்லறையின் வழியாகப் பெயர் பெற்றது வேடிக்கைதான், இல்லையா?

இத்தகைய பாறைகளில் ஃபெல்ஸ்பார் என்னும் கனிமம் இருக்கிறது. மழைநீரும் அதில் கரைந்துள்ள கரியமில வாயுவும் பல்லாயிரம் ஆண்டுகளாக அதைத் தாக்கி, மெல்ல மெல்லக் களிக் கனிமமாக மாற்றுகின்றன. மழை அதை அடித்துக்கொண்டு போய்ப் பள்ளமான இடங்களில் படிய வைக்கிறது. ஆகவே ஒரே ஊரில் ஒரு தெரு செம்மண்ணாகவும், அடுத்த தெரு பிசுபிசுக்கும் களிமண்ணாகவும் இருப்பதில் வியப்பில்லை. பள்ளிக்கரணை, வேளச்சேரிப் பக்கத்துத் தாழ்நிலங்களில் சதுப்பு நிலக் களிமண்ணையும் காணலாம்.

மணல் துகளின் விட்டம் 2 மி.மீ. வரை இருக்கலாம். களிமண் துகளோ 0.002 மி.மீ.க்கும் சிறியது. அதாவது பெரிய மணல் துகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அது உருண்டையாகவும் இராது; அப்பளம் போல் தட்டையாக இருக்கும்.

இங்கே ஒரு புதிர். மணல், களிமண் இரண்டில் எதற்குள் காலி இடம் அதிகம்? பெரும்பாலோர் மணல் என்றே சொல்வார்கள். உண்மை அதுவல்ல. பொதுவாகக் களிமண்ணின் கன அளவில் ஏறத்தாழ பாதி காலி இடம்தான். மணலில் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டியே இருக்கும். அப்படியானால் களிமண்ணில் நீர் ஏன் இறங்குவதில்லை? காலி இடம் எவ்வளவு என்பது மட்டும் முக்கியமல்ல. அது எத்தனை சிறு துளைகளாகப் பிரிந்து கிடக்கிறது என்பதே முக்கியம். துளையின் அகலம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே அளவு மொத்தத் திறப்பின் வழியாகச் செல்லும் நீர் நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். துளைச் சுவர்கள் நீரைப் பற்றிக்கொண்டு ஓட விடாமல் தடுப்பதே காரணம். நனைந்த களிமண் மணிக்கு 1 முதல் 5 மி.மீ. நீரைத்தான் உள்ளே விடும்.

கோடையில் களிமண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடித்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? முதல் மழை அந்த வெடிப்புகளில் மடமடவென்று இறங்கிவிடும். பிறகு களிமண் ஊறி உப்பி வெடிப்புகளை மூடிக்கொள்ளும். அதன்பின் பெய்யும் மழைக்குக் கதவு அடைத்துவிடும். நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அடுத்தடுத்துப் பெய்வது என்பதை நினைவில் வையுங்கள்.

ஏரிக்கு நல்லது, கொல்லைக்குத் தொல்லை

களிமண்ணைக் குறை சொல்லவும் கூடாது. தாம்பரத்தைச் சுற்றி எத்தனை ஏரிகள்! பீர்க்கன்காரணை, இரும்புலியூர், சேலையூர், சிட்லபாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஏரியின் அடியில் நீர் ஒழுகாமல் நிற்பதற்கும் கரை கசியாமல் இருப்பதற்கும் களிமண்ணே துணை. ஏரியில் நாம் பாராட்டும் குணத்தைத்தான் கொல்லையில் திட்டுகிறோம்!

ஆனால் நம் முன்னோர் ஏரியை வெட்டியதோடு நிற்கவில்லை. நிரம்பிய நீர் வெளியேறக் கலங்கல் கட்டினார்கள். ஓர் ஏரியின் கலங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும். சிட்லபாக்கம், செம்பாக்கம் ஏரிகளின் உபரி நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும் சங்கிலி அப்படிப்பட்டது. இந்தச் சதுப்பு நிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. நீர் இறங்காத இடத்தில் அது வெளியேற வழி வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் உட்பொருள். இதை மறந்துவிடாதீர்கள், இப்போது செயற்கைப் புல்லுக்கு வருவோம்.

செயற்கைப் புல் வந்த வழி

செயற்கைப் புல் வடிகாலுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதன்று. அமெரிக்காவில் நகரத்துச் சிறுவர்களுக்கு விளையாட இடம் வேண்டும் என்ற எண்ணத்தில் உருவாகி, 1964-இல் பிராவிடன்ஸ் நகரத்துப் பள்ளி ஒன்றில் முதன்முதலாக விரிக்கப்பட்டது. ஹூஸ்டனில் கூரையிட்ட பெரிய விளையாட்டரங்கம் ஒன்று 1965-இல் திறக்கப்பட்டது. ஒளி ஊடுருவும் கூரை வழியாக வந்த ஒளி ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசச் செய்யவே, கூரைக்குச் சாயம் பூசினார்கள். ஒளியின்றிப் புல் செத்தது. 1966-இல் அங்கே செயற்கைப் புல் வந்தது. ஆஸ்ட்ரோடோம் என்ற அந்த அரங்கின் பெயரால் அதை ஆஸ்ட்ரோடர்ஃப் என்று அழைத்தார்கள்.

1976-இல் மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கிப் போட்டிகள் முதன்முறையாகச் செயற்கைத் தரையில் நடந்தன. இயற்கைப் புல்லில் ஆடிப் பழகிய இந்தியா அங்கே ஏழாம் இடத்தையே பெற்றது. இன்று எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கிலும் செயற்கைத் தரைதான். தென்சென்னைப் புறநகர்களில் மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் 'டர்ஃப்' மைதானங்களையும் நீங்கள் அறிவீர்கள்.

இந்த மைதானங்களில் மழை விட்டதும் ஆட முடிவதைப் பார்த்துத்தான் பலர் "புல் தண்ணீரை உறிஞ்சிவிடுகிறது" என்று எண்ணுகிறார்கள். செயற்கைப் புல்லின் இழை பெரும்பாலும் பாலிஎதிலீன் என்னும் பிளாஸ்டிக். உங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் குடம் எவ்வளவு தண்ணீரை உறிஞ்சுமோ அவ்வளவுதான் இதுவும் உறிஞ்சும்! அங்கே நீரை வடிப்பது புல் அன்று; புல்லுக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் அடித்தளமும், ஓரத்து வடிகாலும்.

புல்லுக்கு அடியில்

முறையாகச் செய்யும்போது மேல் மண்ணை முதலில் ஒரு சாண் ஆழம் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். தரையை ஒரு பக்கமாகச் சரித்துக் கெட்டிப்படுத்துகிறார்கள். 100 செ.மீ. நீளத்துக்கு 1 செ.மீ. சரிவு என்பது ஒரு கணக்கு. அதன்மேல் நீரை மட்டும் விட்டு மண்ணைத் தடுக்கும் துணி ஒன்றை விரிக்கிறார்கள். இந்தத் துணி இல்லாவிட்டால் ஜல்லி களிமண்ணில் புதையும். களிமண் ஜல்லிக்குள் ஏறி இடுக்குகளை அடைத்துவிடும். துணிக்கு மேல் ஜல்லி, அதன்மேல் ஜல்லித்தூள், கடைசியில் ஓட்டைகள் உள்ள செயற்கைப் புல். இழைகள் நிமிர்ந்து நிற்பதற்காக இடையில் மணல் தூவுவதும் உண்டு.

சரிவு முடியும் இடத்தில் ஒரு கால்வாய் வெட்டி, துளையிட்ட குழாயை வைத்து, சுற்றிலும் ஜல்லி நிரப்புவார்கள். இதற்குப் 'பிரெஞ்சு வடிகால்' என்று பெயர். பிரான்சு நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! பண்ணை வடிகால் பற்றி 1859-இல் நூல் எழுதிய ஹென்றி பிரெஞ்சு என்னும் அமெரிக்கரின் பெயர் அது.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். இந்தக் கடைசிக் குழாயைப் போடாமல் விட்டால் என்ன ஆகும்? களிமண்ணில் வெட்டிய பள்ளத்தில் ஜல்லியைக் கொட்டியிருக்கிறோம். அடியும் களிமண், நான்கு பக்கமும் களிமண். அது வடிகால் அன்று, தொட்டி!

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள கொல்லை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பரப்பு 20 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 செ.மீ. மழை பெய்தால் 10 லிட்டர் நீர். ஆகவே இங்கே 1 செ.மீ. மழைக்கு 200 லிட்டர்.

ஜல்லி 15 செ.மீ. கனம் என்று கொள்வோம். ஜல்லியின் இடுக்குகள் ஏறத்தாழ 40 சதவீதம். எனவே அது 6 செ.மீ. மழையை, அதாவது 1200 லிட்டரைத் தாங்கும். பரவாயில்லையே! ஆனால் அடியில் உள்ள களிமண் மணிக்கு 2 மி.மீ. குடித்தாலும் அந்த 60 மி.மீ. நீர் இறங்க 30 மணி நேரம் ஆகும். அதற்குள் அடுத்த மழை வந்தால் தொட்டி நிரம்பி, நீர் புல்லுக்கு மேலே வந்து நிற்கும். அடியில் காற்றில்லாமல் தேங்கும் நீர் நாளடைவில் நாறவும் செய்யும். மேற்கூரையின் 60 சதுர மீட்டர் நீரும் அதே கொல்லையில் விழுந்தால் கணக்கு நான்கு மடங்காகிவிடும். அப்போது ஒன்றரை செ.மீ. மழைக்கே தொட்டி நிரம்பும்!

2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. நம் சிறு கொல்லையில் அது 9800 லிட்டர்! அந்த மழையில் அடையாற்றங்கரையில் உள்ள முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிச்சாங் புயலின்போதும் அங்கே வெள்ளம் புகுந்தது. ஆறே நிரம்பி ஓடும்போது எந்தக் குழாயும் நீரை வெளியே விடாது. சில சமயம் அதன் வழியாக நீர் உள்ளேதான் வரும். வீட்டு வடிகாலால் சாதாரண மழையைச் சமாளிக்கலாம். ஏரியும் கால்வாயும் செய்ய வேண்டிய வேலையை அது செய்யாது.

தண்ணீருக்கு வழி எங்கே?

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். ஆகவே குழாயின் வாய் கொல்லையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். புறநகர்த் தெருக்கள் பலவற்றில் இதுதான் சிக்கல். சாலையை மேலும் மேலும் போட்டதால் தெரு உயர்ந்து, பழைய வீடுகள் தாழ்ந்துவிட்டன. அத்தகைய வீட்டில் எத்தனை விலையுயர்ந்த புல்லை விரித்தாலும் நீர் மேட்டில் ஏறிப் போகாது. ஒன்று, தரையை உயர்த்த வேண்டும். அல்லது ஒரு குழியில் நீரைச் சேர்த்து மோட்டாரால் இறைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக் கொல்லைக்குத் தள்ளிவிடுவது வடிகால் ஆகாது. தொல்லையைத் தானம் செய்வது அது!

இன்னொரு வழி, நீரைப் பூமிக்குள் அனுப்புவது. தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனால் களிமண் உள்ள இடத்தில் மேலோட்டமாக வெட்டிய குழி பயன்படாது. களிமண் அடுக்கைத் துளைத்துக்கொண்டு, கீழே மணலோ சிதைந்த பாறையோ உள்ள அடுக்கு வரை துளை போக வேண்டும். கிணறு இருந்தால், கூரை நீரை வடிகட்டி அதில் விடுவது இன்னும் எளிது. கார்த்திகை மாதத்தில் நிலத்தடி நீரே தரைக்கு அருகில் ஏறி வந்துவிடும் தாழ்வான இடங்களில் இந்த வழியும் அடைபட்டுவிடும் என்பதையும் அறிந்துகொள்ளுங்கள்.

உயிருள்ள புல்லின் வேலை

உண்மைப் புல்லுக்கு வேர் உண்டு. வேர் களிமண்ணுக்குள் புகுந்து செத்து மட்கும்போது அங்கே ஒரு நுண்குழாய் மிஞ்சுகிறது. மண்புழு தன் பங்குக்குத் துளை போடுகிறது. மண்புழுக்களின் இந்த உழைப்பைப் பற்றி டார்வின் 1881-இல் ஒரு நூலே எழுதினார். மட்கிய எருவைச் சேர்த்தால் களித்துகள்கள் சிறு சிறு கட்டிகளாகத் திரண்டு, இடையில் பெரிய துளைகள் உண்டாகின்றன. வெட்டிவேர் மிக ஆழமாக வேர் விடும். இவை எல்லாம் ஒரே பருவத்தில் நடந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் மண்ணின் குணம் மெல்ல மாறும். பிளாஸ்டிக் புல்லின் கீழே இந்த வேலை நடப்பதில்லை.

கோடையையும் நினைத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 24 லட்சம் ஜூல் வெப்பம் வேண்டும். 8 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம் அது! உயிருள்ள புல் இலைகள் வழியாக நீரை ஆவியாக்கி இந்த வெப்பத்தைச் செலவழித்துவிடுகின்றன. பிளாஸ்டிக் இழைக்கு அந்த வழி இல்லை. அதன் மேற்பரப்பு நண்பகல் வெயிலில் 60 டிகிரி செல்சியசையும் தாண்டுவது பல இடங்களில் அளக்கப்பட்டிருக்கிறது. சித்திரை வெயிலில் வெறுங்காலோடு ஓடும் குழந்தைக்கு இது விளையாட்டல்ல. இழைகளுக்கு இடையே ரப்பர்த் துகள் தூவினால் அது மண்ணிலும் நீரிலும் கலக்கும். இந்த வகைத் துகள்களின் விற்பனையைப் படிப்படியாக நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்தது.

அப்படியானால் செயற்கைப் புல்லே வேண்டாமா? அப்படிச் சொல்ல வரவில்லை. வெயில் படாத சந்துப் பகுதியில் புல் வளராது. அங்கே சரிவும் ஜல்லியும் வெளிவழியும் முறையாக அமைத்து மேலே விரிப்பைப் போட்டால் சேறில்லாத இடம் கிடைக்கும். ஆனால் அந்த மூன்றும் அமைந்துவிட்டால், மேலே செயற்கைப் புல் போட்டாலும், இடைவெளி விட்டுக் கல் பதித்தாலும், வெறும் ஜல்லியே கிடந்தாலும் நீர் வடியும்!

செய்து பாருங்கள்

1. களிமண்ணைப் பிசைந்து கனமான கிண்ணம் ஒன்று செய்யுங்கள். அதில் சிறு ஜல்லியை நிரப்பி, மேலே ஓட்டைகள் உள்ள பிளாஸ்டிக் வலைத் துண்டைப் போடுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரை மெல்ல ஊற்றுங்கள். தண்ணீர் மாயமாக மறையும். "ஆகா, வடிந்துவிட்டது!" என்று தோன்றும். நிறுத்தாமல் ஊற்றுங்கள். சற்று நேரத்தில் நீர் வலைக்கு மேலே வந்து நிற்கும். இப்போது கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் துளையிட்டு ஒரு உறிஞ்சுகுழலைச் செருகுங்கள். என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

2. பெரியவர்களின் அனுமதியோடு கொல்லையில் 30 செ.மீ. ஆழத்துக்கு ஒரு குழி வெட்டுங்கள். அதில் நீரை நிரப்பி ஓர் இரவு விட்டுவிடுங்கள். வெடிப்புகள் ஊறி மூடிக்கொள்ளும். மறுநாள் மீண்டும் நிரப்பி, அளவுகோலால் மணிக்கு ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். மணிக்கு 2 செ.மீ.க்கு மேல் இறங்கினால் மண் நல்ல மண். சில மி.மீ. மட்டுமே இறங்கினால் உங்களுடையது ஏரி மண். சோதனை முடிந்ததும் குழியை மறக்காமல் மூடிவிடுங்கள்.

3. ஒளி ஊடுருவும் நீண்ட ரப்பர் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் நீர் நிரப்புங்கள். ஒரு முனையைக் கொல்லையிலும், மறு முனையைத் தெருவோரத்து மழைநீர் வடிகாலின் அருகிலும் பிடியுங்கள். இரு முனைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்திலிருந்து தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று இரு பக்கமும் அளந்தால், எது மேடு, எது பள்ளம் என்று தெரிந்துவிடும். கொத்தனார்கள் மட்டம் பார்ப்பதும் இப்படித்தான்.

இந்த மூன்று சோதனைகளுக்கும் ஆகும் செலவு சில ரூபாய்தான். உங்கள் வீட்டில் செயற்கைப் புல் பற்றிய பேச்சு எழுந்தால், இரண்டாவது, மூன்றாவது சோதனைகளின் எண்களை ஒரு தாளில் எழுதிப் பெற்றோரிடம் காட்டுங்கள். புல் விற்க வருகிறவரிடம், "ஜல்லிக்குள் இறங்கிய தண்ணீர் பிறகு எங்கே போகும்?" என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர் கையை நீட்டி ஒரு திசையைக் காட்ட வேண்டும். அந்தத் திசையில் தரை தாழ்ந்திருக்கிறதா என்பதை உங்கள் ரப்பர் குழாயே சொல்லிவிடும்.